ஒட்டிய பூ

அல் ராய் வெள்ளிச் சந்தையில்
முக்கால் தினாருக்கு வாங்கினேன்.
கட்டைவிரல் உயரத்தில் ஒரு கள்ளி,
உச்சியில் ரோஸ் நிறப் பூ.
வாடவே வாடாது மேடம் என்றான் முஃபஸ்ஸல்.
பொய் சொல்லவில்லை.
காகிதமாய் உலர்ந்த பூவைச்
சுடுபசை வைத்து ஒட்டியிருந்தார்கள்.

ஃபர்வானியாவில் மூன்று பேருக்கு ஓர் அறை.
என் கட்டில் ஜன்னலோரம்,
அதனால் ஜன்னல் விளிம்பும் என்னுடையது:
வாடகைச் சீட்டில் இல்லாத
ஒன்றேகால் அடி நிலம்.
அதில் பதினேழு சட்டிகள்.
சட்டி என்பது மரியாதைக்கு.
தயிர் டப்பா, இருமல் மருந்து மூடி,
காது உடைந்த ஒரு கோப்பை.
லிஸ்ஸி சேச்சி வார்டிலிருந்து கொண்டுவரும்
காலாவதியான சிரிஞ்சால்
ஆளுக்கு ஐந்து மில்லி, பத்து நாளைக்கு ஒருமுறை.

ஜூலையில் குழாயைத் திறந்தால் தேயிலை போடலாம்.
ராத்திரியே ஜக்கில் பிடித்து
கட்டிலுக்கடியில் ஆறவைத்தால்தான்
வேகாமல் குடிக்கும்.
பாலைவனத்துச் செடிதானே, வெளியே வை என்கிறார்கள்.
வைத்தேன் ஒன்றை, முதல் வருஷம்.
மத்தியானத்துக்குள்
அவித்த கத்தரிக்காய்.
எல்லாப் பாலையும் ஒரே பாலை இல்லை.
இதுகளுக்கும் ஏசி வேண்டும்.
இதுகளுக்கும் எங்கோ ஒரு மலை இருக்கிறது,
பெயர் என் வாயில் நுழையாது.

வீடியோவில் பார்த்து மயினி முகம் சுளித்தாள்:
"முள்ளுச்செடிய வீட்டுக்குள்ள வச்சா
சண்டதான் வரும், கேட்டியா."
வீடு இல்லை மயினி, பெட் ஸ்பேஸ்.
சண்டை வருவது பாத்ரூமுக்கு.

இலைகள் வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன்.
எர்லிண்டா டிஷ்யூவில் சுற்றித் தந்தது ஒன்று.
பல் டாக்டர் மேசையில் தானாக உதிர்ந்தது ஒன்று.
தானாக உதிராத ஒன்று
சால்மியா மாலில்,
காவலாளி அந்தப் பக்கம் திரும்பியபோது.
செடிக்கும் திருடிக்கும்
கள்ளி என்று ஒரே சொல்லை வைத்தவர்
என்னை முன்பே பார்த்திருக்கிறார்.

புதைக்க வேண்டாம், மண்மேல் சும்மா போட்டால் போதும்.
மூன்றாம் வாரம் கிள்ளிய வாயில்
ரோஸ் நூலாய் வேர்,
பிறகு கடுகளவு ஒரு முகம்.
பெற்ற இலை அதற்கே தண்ணீர் கொடுத்துக் கொடுத்து
திராட்சைத் தோலாய்ச் சுருங்கும்.
மாதாமாதம் பணம் அனுப்புகிறவள்
இதைப் பார்த்து என்ன நினைப்பாள் என்று
நீங்கள் நினைப்பதை
நான் நினைக்கவில்லை.

ஒட்டிய பூவுக்கு வருகிறேன்.
ஹேர் டிரையரால் பசையை இளக்கி எடுத்தபோது
நான்கு முட்களும் கூடவே வந்தன.
உச்சியில் வட்டமாய்த் தழும்பு,
அம்மை குத்தினதுபோல.
இதற்கா காசு கொடுத்தாய் என்று
எர்லிண்டா சிரித்தாள்.
பூவோடு இருந்தபோது அழகு என்றவளும் அவள்தான்.

இரண்டு கோடை போனது.
ஒரு தூசுப் புயலில்
ஜன்னல் இடுக்கு வழியே
மாவு சலித்ததுபோல் அறையெங்கும் மண்.
ஐலைனர் பிரஷ்ஷால்
ஒவ்வொரு முள்ளாய்த் துடைத்தேன்.
வளர்ந்ததா என்றால், தெரியாது.
சாகவில்லை.

இந்த மார்ச்சில் ஒரு நாள்
லேபில் நைட் டியூட்டி முடித்து
பகலெல்லாம் தூங்கி
சாயங்காலம் எழுந்தபோது
குக்கரை மூடிக்கொண்டே சேச்சி சொன்னாள்,
பால் தீர்ந்துவிட்டது என்பதுபோல:
"ஜெபசீலியே, நின்றெ முள்ளு உச்சைக்குப் பூத்து, கேட்டோ."

என் தலைமாட்டிலிருந்து
ஒரு முழம் தூரம். நான் தூங்கியிருக்கிறேன்.

போய்ப் பார்த்தேன். மூடிக்கொண்டிருந்தது.
தழும்பின்மேல் அல்ல,
அதைச் சுற்றிக்கொண்டு ஓரமாய் வந்திருந்தது.
சட்டைப் பொத்தானைவிடச் சின்னது.
ரோஸ்கூட இல்லை, அழுக்கு மஞ்சள்.
நாளைக்கும் விரியும் என்றாள் சேச்சி,
எதை நம்பிச் சொன்னாளோ.

இன்னும் ஒரு நைட் டியூட்டி பாக்கி.
மத்தியானம் பன்னிரண்டுக்கு அலாரம் வைத்தேன்.
எர்லிண்டாவுக்கும் அதே ஷிஃப்ட், அவளும் தூங்குவாள்.
ஒலியை அணைத்து
போனை அதிர மட்டும் விட்டு
தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன்,
சரியாகக் கன்னம் வருகிற இடத்தில்.